பழைய காரின் முன்சக்கர பால் ஜாயிண்ட்டை மாற்றுவது: புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் காரின் எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் பக்கம் சாய்கிறது. பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசை, சக்கரத்தை வண்டியின் உடலோடு கீழ்ப்பக்கத்தில் இணைக்கும் கையான லோயர் ஆர்மின் முனையில் உள்ள எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத ஓர் எஃகு உருண்டையின் வழியாகத்தான் வண்டியின் உடலுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த உருண்டையும் அதைப் பிடித்திருக்கும் கிண்ணமும் சேர்ந்ததுதான் பால் ஜாயிண்ட். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் சுழல்வதைப் போல, சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கவும் இடமும் வலமும் திரும்பவும் இது ஒன்றே இடம் கொடுக்கிறது. இது தேய்ந்தால் முதலில் சத்தம் கேட்கும், பிறகு ஸ்டீயரிங் அலையும். அதையும் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்து, சக்கரம் வெளிப்புறமாகச் சாய்ந்து, வண்டியின் முன்பகுதி தரையில் விழும். ஆகவே இதை வெறும் சத்தப் பிரச்சினையாக எண்ணித் தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மாருதி 800, ஆல்டோ, ஜென், சான்ட்ரோ போன்ற பழைய சிறிய கார்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இவற்றில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த ஸ்ட்ரட் அமைப்பு உண்டு. வண்டியின் எடையை அந்தத் தூண் தாங்கிக்கொள்வதால், கீழேயுள்ள பால் ஜாயிண்ட் பக்கவாட்டு விசையையும் பிரேக் விசையையும் மட்டுமே தாங்குகிறது. குவாலிஸ் போன்ற வண்டிகள் வேறு வகை. அவற்றில் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் இருக்கும், எடை கீழ் ஆர்மின் வழியாகவே இறங்கும். அங்கே ஜாயிண்ட்டைக் கழற்றும் நேரத்தில் ஸ்பிரிங்கைப் போல முறுக்கேறி நிற்கும் கம்பியான டார்ஷன் பாரோ அமுங்கிய ஸ்பிரிங்கோ ஆர்மை வேகமாகக் கீழே அடித்துத் தள்ளிவிடும். அந்த வேலையை முதன்முறையாகத் தனியாகச் செய்து பார்க்கக் கூடாது; அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டியது அது.

இந்த வேலை முழுவதற்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு: இப்போது சுமை எங்கே இருக்கிறது? ஆட்டத்தைச் சோதிக்கும்போது ஜாயிண்ட்டின் மேல் சுமை இருக்கக் கூடாது. கழற்றும்போது ஆர்மை எதுவும் இழுத்துப் பிடித்திருக்கக் கூடாது. கடைசியாக, ஆர்மை வண்டியின் உடலோடு இணைக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை இறுக்கும்போது மட்டும் வண்டியின் முழு எடையும் சக்கரத்தின் மேல் இருந்தாக வேண்டும். இதைப் புரிந்துகொண்டவருக்குக் கீழே வரும் படிகளில் எதையும் மனப்பாடம் செய்யத் தேவை இருக்காது.

நோய் எது என்று முதலில் உறுதி செய்தல்

பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் மலைப்பாதை, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்து மாந்தோப்புகளுக்குள் போகும் மண்தடங்கள், கிரானைட் லாரிகள் ஓடி ஓடிக் குழியான பர்கூர்ச் சுற்றுவட்டச் சாலைகள் என நம் பகுதியில் முன்சக்கரங்களுக்கு ஓய்வே கிடையாது. இத்தகைய சாலைகளில் மெதுவாகப் போகும்போது சக்கரத்தின் பக்கமிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால் எல்லாரும் முதலில் பால் ஜாயிண்ட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். அதே சத்தத்தை, இரு முன்சக்கரப் பக்கங்களையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் புஷ்ஷும், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும், பிரேக் காலிப்பரின் தளர்ந்த பின்னும்கூடக் கொடுக்கும். நல்ல ஜாயிண்ட்டை மாற்றிவிட்டுச் சத்தம் போகவில்லையே என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்தான்.

சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காரின் அடிப்பாகத்தில் அதற்கென உள்ள இடத்தில் ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தை உயர்த்தி, இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாக நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் கிரானைட் துண்டையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. கல் வளையாது, முன்னறிவிப்பில்லாமல் உடையும். அதன் அடியில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் ஸ்டாண்டுக்கு ஆகும் செலவு பெரிதாகத் தெரியாது. செம்மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டின் கால்கள் புதையாமலிருக்கத் தடிமனான பலகையை அடியில் போடுங்கள்.

சக்கரம் தொங்கும் நிலையில் கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் டயரைப் பிடித்து ஒரு கையால் உள்ளே தள்ளி மறுகையால் வெளியே இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய இன்னொருவர் உதவி வேண்டும்.

“தம்பி, வண்டியில ஏறி பிரேக்கை நல்லா மிதிச்சுப் பிடிச்சுக்கோ.”

“மிதிச்சுட்டேண்ணே. எவ்வளவு நேரம் பிடிக்கணும்?”

“நான் விடுன்னு சொல்ற வரைக்கும் பிடி.”

பிரேக் பிடித்தவுடன் டிஸ்க்கும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. அதனால் ஆட்டம் மறைந்துவிட்டால் குற்றம் பேரிங்கில் இருக்கிறது. பிரேக் பிடித்த பிறகும் ஆட்டம் அப்படியே இருந்தால் அது பால் ஜாயிண்ட்டிலோ ஸ்ட்ரட்டிலோ இருக்கிறது. 9 மணி, 3 மணி இடங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டையும் ஸ்டீயரிங் ராக்கையும் பாருங்கள்.

அடுத்த சோதனை நேரடியானது. ஒரு லிவர் ராடை லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையே நுழைத்து மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்தியபடி, மறுகையின் விரல் நுனியை ஜாயிண்ட் பொருந்தியிருக்கும் இடத்தில் வையுங்கள். நல்ல ஜாயிண்ட்டில் விரலுக்கு எதுவும் தெரியாது. தேய்ந்த ஜாயிண்ட்டில் ‘டிக்’ என்று ஒரு சிறு தட்டல் விரலில் படும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தப்பாது. எவ்வளவு ஆட்டம் வரை அனுமதி என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் இச்சிறிய ஸ்ட்ரட் வகைக் கார்களில், ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் பயனற்றுப்போகும் அளவு கிழிந்திருந்தாலோ, விரலுக்குத் தட்டல் தெளிவாகத் தெரிந்தாலோ, மாற்றிவிடுவதுதான் சரி என்பது என் தீர்மானம். பூட் கிழிந்த நாளிலிருந்தே கிரீஸ் வெளியேறி மண்ணும் நீரும் உள்ளே புகத் தொடங்கிவிடும். அந்த மண் கலந்த கிரீஸ் உருண்டையை உப்புத்தாளைப் போலத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

குவாலிஸ் வகை வண்டியில் இதே சோதனையைச் செய்வதானால் ஜாக்கியை லோயர் ஆர்மின் அடியில், ஜாயிண்ட்டுக்கு அருகில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் விசை ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்து, தேய்மானத்தை மறைத்துவிடும்.

உதிரிபாகம் வாங்குதல்

ஜாயிண்ட் ஆர்மில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே படுத்துப் பார்த்துவிடுங்கள். சிலவற்றில் போல்ட் போட்டிருக்கும்; சிலவற்றில் தொழிற்சாலையில் அடித்த ரிவெட் இருக்கும்; சிலவற்றில் துளைக்குள் அழுத்திப் பொருத்தி வளையக் கிளிப் மாட்டியிருக்கும்; இன்னும் சிலவற்றில் ஆர்மோடு ஒன்றாகவே வரும். அழுத்திப் பொருத்தும் வகைக்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஜாயிண்ட் கோணலாக ஏறி, ஆர்மின் துளை விரிந்துவிடும். அதனால் ஆர்மைக் கழற்றி, பிரஸ் இருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊர்களிலும் அது கிடைக்கும். ஆனால் முதன்முறையாகச் செய்பவருக்கு ஜாயிண்ட்டும் புஷ்ஷும் பொருந்திய முழு ஆர்மை வாங்குவதையே பரிந்துரைப்பேன். பணம் சற்றுக் கூடும். ஆனால் பழைய புஷ்ஷின் தேய்மானமும் அதோடு தீர்ந்துவிடும், வேலையும் பாதியாகக் குறையும்.

வண்டியின் மாடல், உற்பத்தி ஆண்டு, இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைச் சொல்லி, முடிந்தால் பழைய பாகத்தின் எண்ணையும் காட்டி வாங்குங்கள். காரைத் தயாரித்த நிறுவனத்தின் அசல் பாகமோ, ரானே போன்று ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளைத் தயாரிக்கும் அறிந்த நிறுவனத்தின் பாகமோ பில்லுடன் கிடைத்தால் அதையே எடுங்கள். கடையிலேயே, உருண்டையிலிருந்து நீளும் தண்டான ஸ்டட்டைப் பிடித்து நாலாபுறமும் சாய்த்துப் பாருங்கள்: புதிய ஜாயிண்ட் கையை எதிர்த்து ஒரே சீராக, எங்கும் சிக்காமல் நகர வேண்டும். தானாகவே சாய்ந்து விழும் ஸ்டட் புதியதாக இருந்தாலும் வாங்கத் தகுந்ததல்ல. பழைய ஜாயிண்ட்டின் அடிமூடியைத் தட்டி இறுக்கி மறுபடியும் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் எந்த விலைக்கும் சம்மதிக்க வேண்டாம். அந்தத் தட்டல் ஆட்டத்தைச் சில நாள் மறைக்குமே தவிர, தேய்ந்த உருண்டையை உருண்டையாக்காது.

புதிய நட்டு, போல்ட், நட்டு கழலாமல் குறுக்கே செருகி மடக்கும் ஸ்பிளிட் பின் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஒருமுறை இறுகிய நைலான் நட்டையும் ஒருமுறை வளைத்த ஸ்பிளிட் பின்னையும் மறுபடி பயன்படுத்துவதில்லை.

கழற்றுதல்

வேலைக்கு முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு தளர்த்தும் ஸ்பிரேயை அடித்துவையுங்கள். கடற்கரை ஊர்களைப் போல நமக்கு உப்புத் துரு கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் ஒட்டிக் கோடையில் சுட்ட செங்கல்லாய் இறுகிப்போன செம்மண், மரைகளை அதே அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது. தேய்க்காமல் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, முன்பு சொன்னபடி இரண்டு பக்கத்தையும் உயர்த்துங்கள். ஒரு பக்கத்தில் மட்டுமே வேலை என்றாலும் இரண்டையும் உயர்த்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு சக்கரம் தரையிலும் மற்றது தொங்கியும் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மைத் தள்ளும். அந்த விசையோடு போராடி ஸ்டட்டை வெளியே எடுப்பது கடினம், எடுத்த நொடியில் ஆர்ம் கையில் அடிக்கும். இரண்டும் தொங்கினால் பார் தளர்ந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றி, அதை வண்டியின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் எதிர்பாராமல் சரிந்தால் வண்டி அதன் மேல் அமரும்.

இப்போது ஸ்டட் நக்கிளோடு சேரும் இடத்தைப் பாருங்கள். மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் நக்கிளின் அடியில் பிளந்த ஒரு வாய் இருக்கும். ஸ்டட் அதற்குள் ஏறியிருக்க, குறுக்கே ஒரு பின்ச் போல்ட் அந்த வாயை இறுக்கிப் பிடித்திருக்கும். இந்த போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். ஏனெனில் அது ஸ்டட்டின் கழுத்தில் உள்ள பள்ளத்தின் வழியாகச் செல்கிறது. போல்ட்டை எடுத்த பின் அகலமான உளியை அந்தப் பிளவில் லேசாகத் தட்டி வாயைச் சற்றே விரித்து, லிவர் ராடால் ஆர்மைக் கீழே அழுத்தினால் ஸ்டட் இறங்கி வந்துவிடும். அதிகமாக விரித்தால் நக்கிளில் விரிசல் விழும், கவனம்.

வேறு கார்களில் ஸ்டட் கூம்பு வடிவில் இருந்து, மேலே, தலையில் பிளவுகள் உள்ள காசில் நட்டும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். பின்னை உருவி, நட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல் மரையின் மேலேயே விட்டுவிடுங்கள். கூம்பு திடீரென விடுபடும்போது ஆர்ம் தெறிக்காமல் அந்த நட்டே தடுக்கும். திருகு வகைப் பிரிப்பான் கருவி இருந்தால் வேலை சுலபம். அது இல்லாதபோது, ஸ்டட் நுழைந்திருக்கும் நக்கிள் கண்ணின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு மூன்று முறை ஓங்கி அடித்தால் கூம்பின் பிடி விட்டுப்போகும். ஸ்டட்டின் தலையில் ஒருபோதும் அடிக்காதீர்கள். கவட்டை வடிவ ஆப்பு பூட்டைக் கிழித்துவிடும் என்பதால், ஜாயிண்ட்டை எப்படியும் தூக்கி எறியப் போகிறோம் என்னும் இடத்தில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

ஸ்டட் விடுபட்டதும் நக்கிள் சுதந்திரமாக ஆடத் தொடங்கும். புதிதாகச் செய்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். நக்கிளை வெளிப்புறமாக இழுத்தால் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் முனை கழன்று, கியர்பாக்ஸ் பக்கத்து ரப்பர் பூட்டுக்குள் இருக்கும் உருளைகள் இடம் மாறிவிடும். பிரேக் ஹோஸும் விறைத்து இழுபடும். ஒரு கயிற்றால் நக்கிளை ஸ்ட்ரட்டோடு சேர்த்துக் கட்டி, உள்பக்கமாகவே நிறுத்திவையுங்கள்.

ஆர்மையே மாற்றுவதானால் ஸ்டெபிலைசர் பாரின் முனை நட்டையும், வாஷர்களும் புஷ்களும் எந்த வரிசையில் இருந்தன என்பதையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பிறகு உடல் பக்கத்து போல்ட்டைக் கழற்றினால் ஆர்ம் கையோடு வந்துவிடும்.

பொருத்துதல்

நக்கிளின் துளையைச் சுத்தமான துணியால் துடைத்து, உள்ளே பள்ளமோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூம்பு வகையானால் ஸ்டட்டும் துளையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். எளிதாக ஏறட்டும் என்று கிரீஸ் தடவுவது தவறு, ஏனெனில் அந்தக் கூம்பு நிற்பதே உலோகத்தோடு உலோகம் கவ்வுவதால்தான். நட்டை இறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுழன்றால், ஆர்மின் அடியில் ஜாக்கியை வைத்து மெதுவாக உயர்த்துங்கள். கூம்பு உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும்.

பின்ச் போல்ட் வகையில் ஸ்டட்டை முழு ஆழத்துக்கு ஏற்றி, அதன் பள்ளம் போல்ட் துளைக்கு நேராக வந்திருக்கிறதா என்று உள்ளே பாருங்கள். நேராக வந்திருந்தால் போல்ட் விரலாலேயே குறுக்கே போய்விடும். சுத்தியலால் தட்டித்தான் போகிறது என்றால் ஸ்டட் இன்னும் ஏறவில்லை என்று பொருள். அப்படியே தட்டி ஏற்றினால் போல்ட்டின் மரை நசுங்கும், ஸ்டட்டும் தன் இடத்தில் நிற்காது. இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சும் தவறு இதுவே. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

இறுக்கும் அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் வையுங்கள். பழைய புத்தகங்களில் அளவு கிலோகிராம்-மீட்டரில் இருக்கும், அதை 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். 6 என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 59 நியூட்டன்-மீட்டர். காசில் நட்டில் அளவுக்கு இறுக்கிய பிறகும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால், அடுத்த பிளவு வரும்வரை இன்னும் இறுக்க வேண்டுமே தவிர, பின்னோக்கித் தளர்த்திச் சரிசெய்யக் கூடாது. பின்னின் இரண்டு கால்களையும் நன்றாக மடக்கிவிடுங்கள். ஜாயிண்ட்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், லித்தியம் வகை கிரீஸை பூட் இலேசாக உப்பும் வரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பூட் வெடிக்கும்.

உடல் பக்கத்து புஷ் போல்ட்டை இப்போது கையளவுக்கு மட்டும் இறுக்கி விட்டுவிடுங்கள். பட்டறைகளில் அவசரத்தில் விட்டுவிடும் படி இது. அந்த புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடும், வெளிப்பகுதி ஆர்மோடும் பிணைந்திருக்க, நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கி வளைந்து கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று, சீக்கிரமே கிழியும். ஆகையால் சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, எடை சக்கரங்களின் மேல் நிற்கும்போது அதை முழு அளவுக்கு இறுக்குங்கள். அடியில் கை நுழைய இடமில்லையென்றால் நான்கு சக்கரங்களையும் சம உயரமான சாய்தளத்தில் ஏற்றி நிறுத்திச் செய்யலாம். வீல் நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டத்தை வீட்டுத் தெருவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நேராகத் தொப்பூருக்கோ அஞ்செட்டிக் காட்டுப்பாதைக்கோ கொண்டுபோக வேண்டாம். நகரும் முன்பே பிரேக்கை மிதித்து, மிதி வழக்கம்போல் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். மெதுவாக ஓட்டி இருபுறமும் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி, ஒரு வேகத்தடையைக் கடந்து, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் அன்றோ மறுநாளோ வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். ஆர்ம் மாறியபின் சக்கரத்தின் கோணம் சிறிதளவாவது மாறியிருக்க வாய்ப்புண்டு. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும், ஜாயிண்ட்டில் மிச்சம் பிடித்த பணம் டயரில் போகும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் உயர்த்தி, பின்ச் போல்ட்டையோ ஸ்பிளிட் பின்னையோ பார்த்து, 12 மணி, 6 மணி சோதனையைச் செய்யுங்கள். மாற்றாத மறுபக்க ஜாயிண்ட்டையும் அப்போது சோதியுங்கள். இரண்டும் ஒரே சாலையில் ஒரே அளவு ஓடியவை என்பதால், ஒன்று தேய்ந்தால் மற்றதும் அதிக தூரத்தில் இல்லை. ஜாயிண்ட்டை மட்டும் அழுத்திப் பொருத்திய ஆர்மில் இவ்வளவு சீக்கிரம் மீண்டும் ஆட்டம் தென்பட்டால், ஜாயிண்ட்டின் உடலே துளைக்குள் அசைகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். அசைந்தால் ஆர்மின் துளை தளர்ந்துவிட்டது. அதன்மேல் வெல்டிங் வைத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள். அந்த வெப்பத்தில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் கிரீஸும் பூட்டும் கெட்டுப்போகும். அந்த ஆர்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புதிய முழு ஆர்மை வாங்கிப் பொருத்துங்கள்.